எடைமேடை அக்காவும் சைபரின் இருமலும்

நாற்பது டன் லாரியில் நாற்பது கிலோ கூடுதலாக இருந்தாலும் அக்கா டயரைப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். ஆனால் அரை டன் வித்தியாசத்தை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னதைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள். வண்டி மேடைமேல் ஏறி நிற்பதற்கு முன்பே, "இன்னிக்குப் பாரம் கொஞ்சம் பலமா இருக்கே?" என்பார். பிறகுதான் மேசைமேல் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி, தடுமாறி, நிற்கும். அக்கா சொன்னது சரியாக இருக்கும்.

கல் குவாரியிலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், சிமெண்டு கிடங்குக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் இருந்தது அந்த எடைமேடை. மூன்று பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை. டிரைவர் வண்டியிலிருந்து இறங்கிவந்து கையை நீட்டிச் சீட்டை வாங்கிக்கொள்ள ஒரு ஜன்னல். உள்ளே ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, ஒரு மின்விசிறி, அக்கா. இருபத்தொரு வருஷமாக அவர்தான். எடை விஷயத்தில் படு கறார். ஒருமுறை ஜல்லி ஏற்றிவந்த லாரி முதலாளி, "ஒரு இருநூறு கிலோவைக் கண்டுக்காம விடுங்கக்கா" என்று பல்லைக் காட்டினார். "நான் விட்டுடறேன். ஆத்துப் பாலம் விடுமா?" என்று கேட்டுவிட்டு, சரியான எடையையே அச்சடித்து நீட்டினார் அக்கா.

அவர் கணவர் லாரி சீட் தைப்பவர். சாலைக்கு எதிர்ப்பக்கத்தில் தகரக் கொட்டகை. மனைவி அளந்து பேசுவார், இவர் அளவில்லாமல் பேசுவார். ஒரே மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு, வீட்டில் பேச்சுக் கச்சேரி முழுக்க இவருடையதுதான்.

சைபர் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். வீட்டுச் சாமான்கள் ஏற்றிப்போன ஒரு லாரி டிரைவர், வெள்ளைப் பஞ்சுமூட்டை மாதிரி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "வீட்டுக்காரங்க விமானம் ஏறிட்டாங்க. இதை ஏத்த விடலையாம். ரெண்டு நாள் வச்சிருங்கக்கா, திரும்பி வரப்ப எடுத்துக்கறேன்." அந்த ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. அன்று சாயங்காலம் குட்டி தானாகவே போய் மேடையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. பெட்டி 'சைபர்' என்று காட்டியது. பத்துப் பத்துக் கிலோவாக எண்ணும் இயந்திரம் அது. அதற்குக் குறைவானதை மதிக்காது. "இவ்வளவு அழகா இருந்து என்ன பிரயோஜனம்? நீ சைபர்டா" என்றார் அக்கா. அதுவே பேராகிவிட்டது.

உருவம் சைபரே தவிர, சத்தம் பெரிசு. கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? ஒவ்வொரு லாரியும் மேடை ஏறும்போது, அது தன் சொந்த நிலத்தில் அத்துமீறி நுழைந்துவிட்டதுபோல் பாய்ந்து குரைப்பான். டயரில் அகப்பட்டுவிடக் கூடாதே என்று கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி மேசைக் காலில் கட்டியிருந்தார் அக்கா. கயிறு எட்டுகிற தூரம்வரை பாய்வான், கழுத்து இழுபடும், திரும்பி வருவான். அடுத்த லாரி வரும், மறுபடி பாய்வான். ஒரு நாளைக்கு எழுபது எண்பது வண்டி.

இருமல் ஒரு கோடை மத்தியானத்தில் ஆரம்பித்தது. முதலில் அக்காவுக்கு அது நாயின் சத்தம் என்றே தெரியவில்லை. எந்த வண்டியிலோ வாத்து ஏற்றிவருகிறார்கள் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார். வாத்து காலடியில் இருந்தது. கழுத்தை நீட்டி, முன்கால்களை விரித்து, "ஹாங்க், ஹாங்க்" என்று இருமிக்கொண்டிருந்தான் சைபர். கால் நிமிஷம் இருமிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

அன்று முதல் எடைமேடைக்கு வந்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள் ஆனார்கள். எலும்பு மாட்டியிருக்கிறது என்றார் ஒருவர். பூச்சி மருந்து கொடுங்கள் என்றார் இன்னொருவர். இரும்புக் கடைக்காரர் வந்து காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினார். கொட்டியது அவர் சட்டைப்பையிலிருந்த பேனாதான். கணவர், "நான் பார்க்கறேன், தள்ளு" என்று தொண்டைக்குள் விரலை விட்டார். விரலுக்கு மூன்று நாள் கட்டுப் போடவேண்டியதாயிற்று.

"என்னதான் இருந்துச்சு உள்ளே?" என்று கேட்டார் அக்கா.

"பல்லு இருந்துச்சு" என்றார் கணவர்.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. இருமல் வரும், போகும். பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

குவாரி டிரைவர்களில் ஒருவருக்குப் 'பீப்பீ' என்று பெயர். அவர் லாரியின் ஹாரன் ஏழு சுரத்தில் ஒரு பாட்டே பாடும். மேடைக்கு வருமுன் அதை முழுசாக ஒருதடவை வாசித்துவிட்டுத்தான் ஏறுவார். சைபருக்கும் அந்த ஹாரனுக்கும் ஜென்மப் பகை. ஒருநாள் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் பீப்பீ வந்தார், வாசித்தார். சைபர் துள்ளிப் பாய்ந்தான். கயிறு சுண்டி இழுத்தது. இருமல் வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. அக்கா குனிந்து பார்த்தபோது நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாய்ந்திருந்தது. கண் செருகி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டான்.

இருபத்தொரு வருஷத்தில் வேலை நேரத்தில் ஒருநாளும் விட்டு நகராத அறையை அக்கா பூட்டக்கூட இல்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடினார். நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பீப்பீயின் லாரியில் ஏறினார்.

"அக்கா, இன்னும் எடை போடல—"

"எடையா முக்கியம்? ஓட்டுய்யா!"

பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் தங்கள் காதுகளையே நம்பவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த வாயிலிருந்து அப்படியொரு வார்த்தை வரும் என்று யார் நினைத்தார்கள்?

கால்நடை மருத்துவமனை ஆறு கிலோமீட்டர். பீப்பீ ஒருதடவைகூட ஹாரனைத் தொடவில்லை. வழி விடாதவர்களிடம் தலையை வெளியே நீட்டி, "உயிர் போகுதுய்யா, ஒதுங்கு!" என்று கத்திக்கொண்டே போனார். பன்னிரண்டு டன் ஜல்லியோடு மருத்துவமனை வாசலில் வந்து நின்ற முதல் நோயாளி சைபராகத்தான் இருக்கும்.

டாக்டர் இளவயதுப் பெண். பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. நாயை வாங்கி உள்ளே கொண்டுபோய், மூக்கில் ஆக்சிஜன் வைத்து, பதற்றம் அடங்க ஓர் ஊசி போட்டார். ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வித்தார். அரைமணி நேரத்தில் நாக்கு பழைய நிறத்துக்கு வந்தது. எக்ஸ்ரே எடுத்துவந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"எவ்வளவு நாளா இருமறான்?"

"ரெண்டு மாசமா டாக்டரம்மா. தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சுன்னு நினைச்சோம்."

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. ஒண்ணும் மாட்டல. நைஞ்சுபோன ரப்பர் குழாயில வாயை வச்சு உறிஞ்சினா என்ன ஆகும்? சப்பையா ஒட்டிக்குமில்ல? இவனுக்கும் அதான். மூச்சுக்குழாய் திறந்தே இருக்கணும்னு உள்ளே வளையம் வளையமா இருக்கும். இந்த மாதிரிக் குட்டி ஜாதி நாய்களுக்கு வயசு ஏறினா அந்த வளையம் இளகிடும். வேகமா மூச்சு இழுக்கறப்ப குழாய் அமுங்கும். அந்த இடுக்குல காத்து போறப்பதான் வாத்துச் சத்தம்."

மூலையில் நின்ற பீப்பீ தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு கேட்டார். "என் ஹாரனாலதான் வந்துச்சா டாக்டர்?"

"ஹாரன் பாதிக் காரணம்கூட இல்ல. கழுத்துல கட்டின கயிறு, ரோட்டுத் தூசி, லாரிப் புகை, வெயில், பதற்றம் எல்லாம் சேர்ந்தது. அப்புறம் இது" என்று சைபரின் வயிற்றைக் கையால் ஏந்திக் காட்டினார். பாவத்தைப் பங்குபோட ஆள் கிடைத்த நிம்மதியில் பீப்பீ பெருமூச்சு விட்டார்.

டாக்டர் நாயைத் தராசில் வைத்தார். ஆறு கிலோ நானூறு. "நாலரைதான் இருக்கணும். ரெண்டு கிலோ கொழுப்பு நெஞ்சு மேலயும் வயித்து மேலயும் உட்கார்ந்திருந்தா எப்படி மூச்சு விடுவான்? நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

பீப்பீதான் சொன்னார். "எடை போடற வேலைங்க."

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பீப்பீயும் சிரித்தார். தராசில் உட்கார்ந்திருந்தவன்கூட வாலை ஆட்டினான். அக்காவுக்கு மட்டும் முகம் எரிந்தது. யாருடைய வண்டியில் எவ்வளவு ஏறுகிறது என்று ஊருக்கெல்லாம் சொன்ன கண், மடியில் ஏறிய இரண்டு கிலோவைப் பார்க்காமல் போய்விட்டதே! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சரிதான், ஆனால் இப்படி நாலு பேர் முன்னாலா சறுக்கவேண்டும்?

டாக்டர் சிரிப்பு ஓய்ந்து சொன்னார். "இது முழுசாப் போகாது. ஆனா பார்த்துக்கிட்டா இதோடயே நல்லா இருப்பான். கழுத்துப் பட்டையை இன்னியோட தூக்கிப் போடுங்க. மார்புல மாட்டற பட்டை வாங்குங்க. தீனி அளந்துதான். இருமலுக்கு மருந்து தரேன். நாக்கு நீலமானா மட்டும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

அவர்கள் திரும்பியபோது எடைமேடை வாசலில் பதினொரு லாரி நின்றது. திட்டப்போகிறார்கள் என்று அக்கா தயாராக இறங்கினார். முதல் வண்டிக்காரர் தலையை நீட்டி, "சைபர் எப்படியிருக்கான்?" என்றார். இரண்டாவது வண்டிக்காரரும் அதையே கேட்டார். பதினொன்றாவது வண்டிக்குச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடையில் கிடைத்த மார்புப் பட்டை எதுவும் அந்த உருண்டை உடம்புக்குச் சேரவில்லை. கணவர், "கடைக்கு எதுக்குப் போறே, நான் செத்தா போயிட்டேன்?" என்று தையல் மெஷினில் உட்கார்ந்தார். பழைய லாரி ஒன்றின் சீட் பெல்ட்டை அறுத்து முதல் பட்டையைத் தைத்தார். அது ஒரு கன்றுக்குட்டிக்குப் போதும். இரண்டாவதில் சைபர் முன்காலைத் தூக்க முடியாமல் பொம்மை மாதிரி நின்றான். மூன்றாவது, உள்ளே மெத்துத் துணியும் ஓரத்தில் சிவப்பு நாடாவும் வைத்தது, கச்சிதமாக உட்கார்ந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் நடந்த நடையைப் பார்க்கவேண்டுமே! போலீஸ் அதிகாரி தோற்றார்.

தீனி விஷயத்தில் அக்கா சட்டம் போட்டார். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம். கரண்டியால் அளந்து, மேலே தட்டிச் சமன்செய்து வைத்தார். பத்து நாள் கழித்து எடை பார்க்கும் ஆசை பொறுக்காமல், வண்டி இல்லாத விடிகாலையில் நாயைத் தூக்கிக்கொண்டு மேடைமேல் ஏறி நின்றார். கணவர் உள்ளேயிருந்து, "எழுபது" என்றார். நாயை இறக்கிவிட்டுத் தனியாக நின்றார். "எழுபது" என்றார் கணவர் மறுபடி. "ஆக, அவன் எடையே இல்ல. எல்லாம் நீதான்." அன்று காலை அந்த வீட்டில் தேநீர் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். ஆறு கிலோ ஐந்நூறு. நூறு கிராம் கூடியிருந்தது! தராசைத் தட்டிப் பார்த்தார், படிக்கல்லை வைத்துச் சோதித்தார், கடைக்காரரின் முறைப்பையும் வாங்கிக்கொண்டார். தராசில் தப்பில்லை.

நேராகத் தகரக் கொட்டகைக்குப் போனார். "உண்மையைச் சொல்லுங்க. அவனுக்கு என்ன கொடுக்கறீங்க?"

"நானா? என் தையல் மெஷின் மேல சத்தியமா ஒண்ணும் கொடுக்கல."

"உங்க மெஷின் ஏற்கெனவே ரிப்பேர்."

கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி. நாளைக்கு நான் தைக்கப் போறதில்ல. இங்கேயே உட்கார்ந்து உன் அறையைப் பார்க்கறேன். எவன் கொடுக்கறான்னு கையும் களவுமாப் பிடிச்சுத் தரேன்."

சொன்னபடியே செய்தார். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, தகரச் சுவரில் வரிசை வரிசையாகக் கோடு போட்டார். அந்தக் கண்ணாடி அறை அங்கிருந்து சினிமாத் திரை மாதிரி தெரியும். மாலை வேலை முடிந்து வந்த அக்காவிடம் சுவரைக் காட்டினார்.

"இந்தப் பதினாலு கோடு டிரைவருங்க. சீட்டு வாங்க ஒரு கையை நீட்டறானுங்க, இன்னொரு கையால ஜன்னலுக்குக் கீழே பிஸ்கட்டைப் போடறானுங்க. பீப்பீ மட்டும் முழு அவிச்ச முட்டை. பாவம், குத்த உணர்ச்சி."

"அட படுபாவிங்களா!"

"இந்த ரெண்டு கோடு நான்."

"மெஷின் மேல சத்தியம் பண்ணீங்களே!"

"அதான் ஓடமாட்டேங்குது போல. இரு, இன்னும் இருக்கு. இந்தப் பத்தொன்பது கோட்டைப் பாரு."

"அது யாரு?"

கணவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். முதல்தடவையாக அளந்து பேசினார். "நீதாம்மா."

அக்கா நம்பவில்லை. சண்டைக்கே போனார். மறுநாள் தன் கையைத் தானே கவனித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதாவது வண்டி வந்தபோது பிடித்துவிட்டார். வலது கை எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை, யாரையும் கேட்காமல், மேசை டப்பாவிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைக் கிள்ளிக் காலடிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அங்கே ஒரு சின்ன ஈரமூக்கு, பழகிய இடத்தில், பழகிய நேரத்தில், காத்துக்கொண்டிருந்தது.

கை அந்தரத்தில் நின்றது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் வரும் அந்தச் சும்மா இருக்கும் நிமிஷங்கள் அக்காவுக்கு ஞாபகம் வந்தன. சைபர் வருவதற்கு முன் பதினைந்து வருஷம் அந்த அறையில் அவர் எண்களோடு தவிர யாரோடும் இருந்ததில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு எல்லாரும் போய்விடுவார்கள். காலடியில் ஒரு உயிர் இருக்கிறதா என்று கை அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொண்டது போலிருக்கிறது. போகிற கை வெறுங்கையாகப் போகுமா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் கையே தெரியாமல் போயிற்று.

"ஏய், என்ன பார்க்கறே?" என்றார் சைபரிடம். ரொட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெறுங்கையால் அவன் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார். அவன் கொஞ்ச நேரம் கையை முகர்ந்து தேடினான். பிறகு, சரி, இதாவது கிடைத்ததே என்று கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் ஜன்னலில் அட்டை தொங்கியது: 'நாய்க்குத் தீனி போடுபவர் வண்டிக்கு எடை போடப்படாது.' டிரைவர்கள் கொதித்தார்கள். பீப்பீ தலைமையில் ஐந்து பேர் தூது வந்தார்கள்.

"ஒண்ணுமே கொடுக்காதேன்னா எப்படிக்கா? பச்சப்புள்ளை மூஞ்சியப் பார்த்துட்டு சும்மா போக முடியுதா?"

அக்கா டாக்டருக்குப் போன் போட்டார். வெள்ளரிக்காய்த் துண்டு தரலாம் என்று அனுமதி வந்தது. அன்று முதல் ஜன்னலில் ஒரு டப்பா நிறைய வெள்ளரித் துண்டு. ஆளுக்கு ஒன்று, நகம் அளவு, டிரைவரே கையால் கொடுக்கலாம். முதல் துண்டைச் சைபர் வாங்கி, தரையில் வைத்து, அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். பிறகு பீப்பீயைப் பார்த்த பார்வையில் அவருக்கு முட்டை ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. நாலாவது நாள் வேறு வழியில்லாமல் தின்ன ஆரம்பித்தான்.

பீப்பீ இரும்புக் கடைத் திருப்பத்தோடு ஹாரனை நிறுத்திக்கொண்டார். அங்கிருந்து கையை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டே வருவார். கேட்காமலே இன்னொருவர் உதவிக்கு வந்தார். தண்ணீர் லாரிக்காரர் தினமும் காலையில் குழாயைத் திறந்துவிட்டு மேடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். புழுதி அடங்கியது. மேடைமேல் நிற்கும்போது என்ஜினை அணைக்கவேண்டும் என்று அக்கா புதிய விதி கொண்டுவந்தார். முணுமுணுத்தார்கள், ஆனால் அணைத்தார்கள். வெயில் ஏறுமுன் தினமும் அரைமணி நேரம் நாயை மெதுவாக நடத்திக்கொண்டு போகவேண்டியிருந்தது. சுழல் நாற்காலியைவிட்டு நகராத அக்காவுக்கு முதல் வாரம் முட்டி கெஞ்சியது. சைபர் நின்று நின்று அவருக்காகக் காத்திருந்தான்.

இரண்டு மாதத்தில் ஐந்தரை. நாலாவது மாதம் நாலு கிலோ எழுநூறு. டாக்டர் குழலை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்தைப் பாதியாக் குறைச்சுடலாம். இவ்வளவு சரியா எடையைக் குறைச்சுட்டு வரவங்க ரொம்பக் கம்மிம்மா" என்றார். அக்கா அதை வீட்டுக்கு வந்து கணவரிடம் ஏழு தடவை சொன்னார். மகளுக்குப் போனில் இரண்டு தடவை.

இருமல் முழுசாகப் போகவில்லை. போகாது என்று டாக்டர் முதலிலேயே சொன்னதுதான். நாளுக்கு இருபது தடவை என்றிருந்தது, வாரத்துக்கு ஒன்றிரண்டு ஆகிவிட்டது. போன மாதம் மழை விட்ட ஒரு காலையில் எதிர்க் கூரையில் வந்து உட்கார்ந்த காக்கையைப் பார்த்து அவனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. குரைத்தான், தாவினான், இருமினான். மேடைமேல் ஒரு புது டிரைவர் எடைக்கு நின்றுகொண்டிருந்தார். அக்கா பட்டென்று எண்களை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். நாயின் மார்பில் கையை வைத்து, "மெதுவாடா, மெதுவா" என்று தடவிக்கொடுத்தார். உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா ஆச்சு?" என்று ஜன்னலில் பதறினார் புது டிரைவர்.

"ஒண்ணுமில்ல தம்பி. நாக்கு நல்லாச் சிவப்பாதான் இருக்கு" என்றபடி முட்டியில் கையூன்றி எழுந்தார் அக்கா. "நீங்க வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுத்து நிறுத்துங்க. உங்க பின்சக்கரம் மேடையில ஏறவே இல்ல."